சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டமும் நமது கரையோர நிலங்களும்

நமது செங்கற்பட்டு ஜில்லாவில் கோவளம் முதல் இடைக்கழிநாடு வரை நீண்டு கிடக்கும் கரையோர மணற்பாங்கு நிலங்களையுடைய விவசாய அன்பர்கள், சமீப காலமாக என்னிடம் அடிக்கடி கேட்டு வரும் கேள்வி முள்ளில்லாக் கள்ளியைப் பற்றியதாகும். மத்திய சர்க்காரின் நிலவளத் துறையினர் 2022-ஆம் வருஷம் முதற்கொண்டு தரிசு நிலங்களில் இக்கள்ளியைக் கால்நடைத் தீவனத்திற்காகவும் வேறு உபயோகங்களுக்காகவும் நடுவதை ஊக்குவித்து வருகின்றனர். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மாடு தின்னும் என்று கேள்விப்பட்ட மாத்திரத்தில், சவுக்கு வெட்டி எடுத்த நிலத்தை முழுவதுமாகக் கள்ளிக்கு விட்டுவிடலாமா என்று வினவுகின்றனர். டிராகன் பழம் என்று விற்கப்படுவதும் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியே. அதற்கும் கல்தூண் நட்டு நிறையப் பணம் முடக்கியவர்கள் உண்டு.

இக்கேள்விக்கு விடை கூறுமுன், அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி ஒன்று அரசாங்க ஆதரவோடு நமது சீமைக்கு வருவது இது முதல் தடவையன்று என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். இருநூற்று முப்பது வருஷங்களுக்கு முன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு தோட்டம் வகுக்கப்பட்டது. சைதாப்பேட்டை இன்று சென்னைப் பட்டினத்துள் அடங்கிவிட்டதாயினும், முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஜில்லாவின் தலைமைக் கச்சேரியும் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. ஆகவே அத்தோட்டத்தின் கதை நம்முடைய கதையே.

தோட்டத்தை வகுத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து மருத்துவர். 1738-இல் பிறந்த இவர் கும்பெனியாரின் மருத்துவ உத்தியோகத்தில் சேர்ந்து சென்னைக்கு வந்து, படிப்படியாக உயர்ந்து தலைமை மருத்துவர் பதவியை அடைந்தார். 1809-இல் சென்னையிலேயே காலஞ்சென்றார். வைத்தியத் தொழிலைக் காட்டிலும் செடிகொடிகளின்மீது இவருக்கு அதிக நாட்டம். நுங்கம்பாக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட விஸ்தீரணத்தில் தமக்கென ஒரு தோட்டம் அமைத்து, முசுக்கட்டை, கரும்பு, காப்பி, அந்நிய தேசத்துப் பருத்தி முதலியவற்றை வரவழைத்துப் பயிரிட்டுப் பார்த்தார். அழகுக்காகத் தோட்டம் போட்டவர்கள் அக்காலத்துச் சென்னையில் பலர் இருந்தனர். இவரோ ஒவ்வொரு பாத்தியையும் ஒரு வினாவாக எண்ணித் தோட்டத்தை வகுத்தார்.

1786-ஆம் வருஷத்தில் சென்னைக் கரையோரப் புல்லொன்றின்மேல் ஒரு சிறு பூச்சியை ஆண்டர்சன் கண்டார். மெக்ஸிகோ தேசத்திலிருந்து ஸ்பானியர் கொணர்ந்து விலைமதிப்பற்ற பொருளாக விற்று வந்த சிவப்புச் சாயத்தைத் தரும் கொச்சினீல் பூச்சிக்கு இது உறவாக இருக்கலாமென அவருக்குத் தோன்றிற்று. சீமைப் பட்டாளத்து அதிகாரிகளின் சிவப்பு அங்கிக்கு நிறங்கொடுத்தது அச்சாயமே. ஒரு ராத்தல் சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகளை உலர்த்த வேண்டுமென்றால் அதன் விலை எத்தகையதென்று அன்பர்கள் ஊகிக்கலாம். ஸ்பானியர் அப்பூச்சியை வெளியே விடாமல் காத்து வந்தனர். லண்டனிலிருந்த சர் ஜோசப் பாங்க்ஸ் என்னும் தாவர நிபுணருக்கு ஆண்டர்சன் கடிதத்தின்மேல் கடிதமாக எழுதினார். புல்லில் கண்ட பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. எனினும் உண்மையான பூச்சியை வரவழைத்து வளர்க்கலாம் என்ற எண்ணம் கும்பெனியாருக்கு உண்டாயிற்று.

பூச்சி வருமுன் அதற்குத் தீனி வேண்டுமல்லவா? அதற்காகவே சைதாப்பேட்டையில் அடையாற்றின் அருகே கள்ளித் தோட்டம் ஏற்பட்டது. பாங்க்ஸின் முயற்சியால் கியூ அரசத் தோட்டத்திலிருந்து நோப்பல் என்னும் கள்ளி கப்பலேறி வந்தது. ஆண்டர்சனின் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி தோட்டத்தின் மேற்பார்வையை ஏற்றார். கள்ளி நன்றாகப் பல்கிற்று. வேண்டியவர்க்கெல்லாம் மடல்கள் அனுப்பப்பட்டன. கப்பலில் நெடுநாள் பிரயாணம் செய்யும் மாலுமிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும் நோய் வராதிருக்க, வாடாமல் கிடக்கும் இம்மடல்களைக் கறியாக உண்ணலாமென்றும் ஆண்டர்சன் யோசனை கூறினார். பூச்சிக்காக வைத்த தோட்டத்தில் பூச்சியைத் தவிர மற்றெல்லாம் இருந்தன.

கடைசியாக 1795-இல் நீல்சன் என்னும் படைத்தலைவர் பிரேசில் தேசத்து ரியோ துறைமுகத்திலிருந்து சில பூச்சிகளை ஒரு கள்ளிச் செடியோடு கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவை சென்னைக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் வந்தது மெக்ஸிகோவின் வளர்ப்பு இனமன்று. உடம்பெல்லாம் வெண்பஞ்சு போர்த்திய காட்டு இனம். சாயம் குறைவு, தரமும் தாழ்வு. கும்பெனியார் நல்ல இனத்தைக் கொண்டுவருவோர்க்கு 2,000 பவுன் பரிசு தருவதாக அறிவித்தும் அது வந்தபாடில்லை. 1800-ஐ ஒட்டிச் சைதாப்பேட்டைத் தோட்டம் கலைக்கப்பட்டுச் செடிகளில் ஒரு பகுதி பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர் அந்த நூற்றாண்டிலேயே ரசாயனச் சாயங்கள் தோன்றிக் கொச்சினீல் வியாபாரத்தையே ஒடுக்கிவிட்டன. நல்ல இனம் வந்திருந்தாலும் நமது குடிகளுக்கு அதனால் நிலைத்த லாபம் கிடைத்திராது.

இதுவரை கூறியது தோல்வியின் வரலாறு. இனிக் கூறப்போவது அத்தோட்டக்காரர் எவரும் எதிர்பாராதது.

சாயத்துக்கு உதவாத அந்தக் காட்டுப் பூச்சி, நமது நாட்டில் அதற்கு முன்பே வேலிகளில் பரவிக் கிடந்த கள்ளிகளுள் ஒரு ஜாதியை விரும்பித் தின்றது. தின்ற இடத்தில் மடல்கள் சுருங்கி, உதிர்ந்து, செடி வேரோடு மாய்ந்தது. ஆனால் பக்கத்திலேயே நின்ற நாகதாளி என்னும் மற்றொரு ஜாதியை அது தொடவேயில்லை. மனிதன் கொண்டுவந்த பூச்சியொன்று ஒரு களைச்செடியை அடக்கியதற்கு உலகத்திலேயே முதல் உதாரணம் இதுதான் என்று பூச்சியியல் நூல்கள் இன்றும் கூறுகின்றன. உத்தேசித்து நடந்ததன்று, பூச்சியைத் தவறாகத் தேர்ந்ததால் நேர்ந்தது. ஆயினும் கண்ணுள்ளவர்கள் கவனித்தார்கள். 1836 முதல் 1838 வரை தென்னாட்டில் கள்ளியை ஒழிப்பதற்கென்றே இப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டனர். 1860-களில் அது இலங்கைக்கும் போயிற்று. 1914-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்தாருக்கும் இந்தியா, இலங்கை வழியாகக் கிடைத்து, அங்கே அதே ஜாதிக் கள்ளியைத் துடைத்தெறிந்தது.

நாகதாளியோ நம்மிடம் தங்கிவிட்டது. மேய்ச்சல் தரைகளையும் புறம்போக்குகளையும் வேலியோரங்களையும் அது எவ்வாறு மூடிக்கொண்டிருந்தது என்பதை முதியோர் தம் பாட்டனார் வாயிலாகக் கேட்டிருப்பர். பாம்புக்கு அது அரண், மனிதருக்கு முள். அதைத் தின்னக்கூடிய வேறொரு கொச்சினீல் இனம் வட அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும், அங்கிருந்து இலங்கைக்கும் சென்று, 1926-இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. பூச்சி பிடித்த மடல்களை வெட்டிக்கொண்டுபோய்ப் பூச்சியில்லாத புதர்களின்மேல் வைத்ததே வேலை. ஐந்தாறு வருஷங்களுக்குள் சுமார் 40,000 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் நிலம் கள்ளியினின்று விடுபட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். சைதாப்பேட்டையில் விளைந்த அறிவு கடல் கடந்து சென்று, உருமாறித் திரும்பி வந்து நமது மேய்ச்சல் தரைகளை மீட்டது எனலாம்.

இத்தோட்டத்தின் உண்மையான ஆஸ்தி யாது என்பதில் எனக்குத் திட்டமான அபிப்பிராயம் உண்டு. பட்டினத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் ஆண்டர்சனுக்கு சான்ட்ரீ என்னும் சிற்பி செய்த சலவைக்கல் உருவம் இருக்கிறது. அதனை நான் பெரிதாகக் கருதவில்லை. தோட்டத்தின் ஒரு மடல்கூட அவ்விடத்தில் இன்று இல்லை. அதைப்பற்றியும் வருந்தவில்லை. அவர் பாங்க்ஸுக்கும் பிறர்க்கும் எழுதிய கடிதங்களை அவ்வப்போது சென்னையிலேயே அச்சிட்டு வெளியிட்டார் என்பதுதான் முக்கியம். எந்தச் செடி எங்கிருந்து வந்தது, எது பிழைத்தது, எந்தப் பூச்சி எதைத் தின்றது என்பன எழுத்தில் நின்றன. பின்வந்தவர்கள் இரண்டு கள்ளி ஜாதிகளையும் இரண்டு பூச்சி இனங்களையும் பிரித்தறிய முடிந்ததென்றால், இவரைப் போன்றோர் குறித்து வைத்ததே காரணம்.

குறையும் உண்டு. அதையும் மறைக்கலாகாது. பூச்சி கைக்கு வருமுன்னரே மடலை ஊரெங்கும் விநியோகித்தது யோசனையற்ற செயல் என்பேன். பட்டு விஷயத்திலும் அவ்வாறே நடந்தது. 1790-களில் ஆண்டர்சனின் உற்சாகத்தால் ராஜதானியின் பல பகுதிகளில் முசுக்கட்டை நடப்பட்டது. பத்து வருஷம் ஆகுமுன் அம்முயற்சி பெரும்பாலும் கைவிடப்பட்டது. பட்டுப்புழு இதமான உஷ்ணத்தை விரும்புவது. நல்ல வெண்பட்டு இனங்களுக்கு 24 முதல் 28 டிகிரி வரை போதும். நமது கரையோரத்துச் சித்திரை வைகாசி வெயிலைப் பற்றி யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதோடு, செடி வளர்ப்பது ஒரு தொழில். இரவு பகல் பாராமல் புழுவுக்கு இலை போடுவது மற்றொரு தொழில். கூட்டை வாங்குவோன் இருப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே கிராமத்தில் கூடாதவரை செடி மாத்திரம் பச்சையாக நிற்கும்.

அதே சைதாப்பேட்டையில் 1865-இல் அரசாங்கப் பரீட்சைப் பண்ணை ஏற்பட்டதையும், அதையொட்டி எழுந்த விவசாயப் பள்ளி வளர்ந்து 1906-இல் கோயம்புத்தூருக்கு மாறியதையும் நமது வாசகர்கள் அறிவர். இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆதி வித்து அது. சீமையிலிருந்து நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம் முதலியன அப்பண்ணைக்கு வந்திறங்கின. நமது உழவுமாட்டின் பலத்தையும் நமது வயலின் அளவையும் பார்த்து வந்தவை அல்ல. அங்கு பயின்றவர்கள் மூலம் விவசாய அறிவு பரவியது மெய், இயந்திரங்கள் பரவவில்லை.

சவுக்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் அந்நிய மரந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னைப் பட்டினத்துக்கும் ரயிலுக்கும் விறகு தேவைப்பட்டபோது நமது கரையோர மணலில் பரவிற்று. உவர்க்காற்றைத் தாங்கிற்று. பயறு வகைகளைப்போல் வேர்முடிச்சுகளின் மூலம் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே சேகரித்துக்கொண்டது. நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்தது. விறகுக்கு வாங்கியவன் போனபின் சாரத்துக்கும் பந்தலுக்கும் வாங்குவோன் வந்தான்; அவனுக்குப்பின் காகித ஆலைக்காரன் வந்தான். யாரும் பிரசங்கம் செய்யாமலே குடியானவர் பக்கத்து நிலத்தைப் பார்த்துத் தாமே நட்டார்கள்.

சீமைக் கருவேலும் அந்நிய மரமே. அதன் கதி வேறு. வேலிக்கும் விறகுக்கும் உதவுமென்று விதை தூவியபோது, காயைத் தின்ற ஆடுமாடு விதையைச் சாணத்தோடு எங்கெல்லாம் போடும் என்பதை ஒரு சிறு நிலத்திலாவது சோதித்துப் பார்த்திருந்தால், இன்று ஏரி உட்புறங்களை மீட்கப் பாடுபட வேண்டியிராது. 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியக் களைச் செடிகளை அகற்றுவதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட நேர்ந்தது. நாகதாளிக்குப் பூச்சி கிடைத்ததுபோல் இதற்குக் கிடைக்கவில்லை.

மதுராந்தகம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நான் ஏதேனும் புதுப்பயிரின் பேரைச் சொல்லும்போதெல்லாம், "ஐயா, இது சோறு போடுமா, கடன் போடுமா?" என்று கேட்பது வழக்கம். அக்கேள்வியை முள்ளில்லாக் கள்ளியின்மேல் வைத்துப் பார்ப்போம்.

மடலில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு நீரே. கோடையில் மாட்டின் தாகத்தை ஓரளவு தணிக்கும் என்பது உண்மை. புரதம் குறைவு, நார்ச்சத்தும் போதாது. ஆகையால் தனியாகப் போட்டால் சாணம் இளகிப்போகும். வைக்கோலும் பயறு வகைத் தீவனமும் சேர்த்தே போட வேண்டும். வறட்சியைத் தாங்கும் செடி உப்பையும் தாங்குமென்று எண்ணிவிடக் கூடாது. இக்கள்ளி உப்பு நீருக்கு அஞ்சுவது. நமது கரையோரக் கிணறுகளில் மேலே நல்ல நீரும் கீழே உவர்நீரும் நிற்பதும், அதிகமாக இறைத்தால் உவர் மேலேறுவதும் தெரிந்ததே. இந்தக் கள்ளி பெரிதும் பரவியுள்ள தேசங்களிற் பல வறண்டவை. நமக்கோ ஐப்பசி கார்த்திகையில் மழை ஒருசேரக் கொட்டுகிறது. அடிமணலில் களிமண் படுகை உள்ள நிலமாயின் தண்ணீர் நின்று மடல் அழுகும்.

இவற்றைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. 1926-இல் வந்த அந்தக் கொச்சினீல் பூச்சி நம் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் செல்லும் பாதைப் பக்கங்களில் எங்கேனும் மிச்சமாய் நிற்கும் நாகதாளியின் மடலில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பதைக் கண்டால் விரலால் நசுக்கிப் பாருங்கள்; குங்குமம்போல் சிவந்தால் அதுவே. தீவனத்திற்கென்று நட அழைக்கப்படும் முள்ளில்லாக் கள்ளியும் இப்பூச்சிக்கு இரையாகக்கூடிய ஜாதிதான். மொரோக்கோ தேசத்தில் 2014-இல் இது தோன்றிச் சில வருஷங்களில் ஏராளமான கள்ளித் தோப்புகளை அழித்துவிட்டது. அங்குள்ள ஆராய்ச்சியாளர் பல ரகங்களைச் சோதித்துப் பூச்சி தாங்கும் எட்டு ரகங்களைத் தேர்ந்தெடுத்த பின்னரே மறுநடவு தொடங்கிற்று. களையாக நின்ற கள்ளிக்கு எமனாய் வந்தது, பயிராக நிற்கப்போகும் கள்ளிக்கும் எமனாகும். மடல் கொடுப்பவரிடம், இது எந்த ரகம், பூச்சி தாங்குவதாகத் தேறியதா என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் ஒரு மடலையும் ஊன்ற வேண்டாம்.

அந்நியப் பூச்சியை வரவழைப்பதே கூடாதென்று இதனால் பொருள் கொள்ளலாகாது. முறையோடு செய்தால் பெரும் பலன் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, முசுக்கட்டை, மரவள்ளி எல்லாவற்றையும் வெளுக்க அடித்ததை அறிவோம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொணர்ந்து, பெங்களூரில் அடைத்து வைத்து, மற்ற நன்மை செய்யும் பூச்சிகளைத் தாக்காதெனச் சோதித்த பின்னரே வயலில் விட்டனர். அடுத்த வருஷத்துக்குள் மாவுப்பூச்சி அடங்கிற்று. மரவள்ளியைத் தாக்கிய வேறொரு மாவுப்பூச்சிக்கும் 2022-இல் சேலம் ஜில்லாவில் இவ்விதமே ஆப்பிரிக்காவின் பெனின் தேசத்துக் குளவி விடப்பட்டது. 1795-க்கும் 2010-க்கும் இடையேயுள்ள வித்தியாசம், கூண்டுக்குள் கழிந்த அந்தச் சில மாதங்களே. நமது தென்னந்தோப்புகளில் 2016-க்குப் பின் பரவிய சுருள் வெள்ளை ஈ விஷயத்திலும், ஓலையில் கறுப்புப் படிந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவோர் அதனோடுகூட அதனை அடக்கும் சிறு குளவிகளையும் கொன்றுவிடுகின்றனர். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்தும் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டியும் காத்திருப்பவர் தோப்பில் குளவி பெருகக் காண்கிறோம்.

ஆகவே என் யோசனை யாதெனில், கரையோரக் கிராமம் ஒவ்வொன்றிலும் ஐந்து சென்ட் நிலமேனும் பரீட்சைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அது கிராமத்திலுள்ள நல்ல நிலமாக இருக்கலாகாது. விளக்கத் திடல் என்றாலே சாலையோரத்தில், தண்ணீர் வசதியுள்ள, வசதிபடைத்தவர் நிலமாகப் பார்த்து வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. பலகை நட்டுப் படம் பிடிக்க அது தோதானதே. பக்கத்து மேட்டு மணலுக்காரனுக்கு அதனால் தெரிய வருவது ஒன்றுமில்லை. ஊரில் பெரும்பாலோர் நிலம் எப்படியோ அப்படிப்பட்ட நிலமே பரீட்சைக்கு ஏற்றது.

கள்ளியாயின் இவ்வாறு செய்து பார்க்கலாம். மடலை வெட்டிய புண் ஆறும்வரை இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, மேட்டுப்பார் அமைத்து, மூன்றில் ஒருபங்கு மடலை மண்ணுக்குள் வைத்து நடுக. பழைய நாகதாளிப் புதருக்கு அருகில் வேண்டாம். பக்கத்துப் பாத்தியில் அதே நாளில் கம்பு நேப்பியர் புல்லோ தீவனச் சோளமோ வையுங்கள். இதை விட்டால் பரீட்சையே இல்லை. புதியது மட்டும் நின்றால் அது நன்றாயிருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். பழையது பக்கத்தில் நின்றால்தான் எது மேல் என்று தெரியும். இரண்டுக்கும் விட்ட நீர், இட்ட எரு, ஆட்கூலி, வெட்டிய தீவனத்தின் எடை, மாடு மிச்சம் வைத்த எடை ஆகியவற்றை நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதுக. வாரம் ஒருமுறை மடலின் அடிப்புறம் பார்க்க. பஞ்சு தென்பட்டால் எந்த வரிசையில் எந்த நாளில் என்று குறித்து, அந்த மடலை வெட்டிப் புதைக்க வேண்டும். ஒரு பருவம் போதாது. நல்ல மழை வருஷம் ஒன்றும், பொய்த்த வருஷம் ஒன்றுமாக மூன்று வருஷமாவது கணக்கு ஓட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அடங்கலில் இன்ன சர்வே நம்பரில் இன்ன பயிர் இத்தனை ஹெக்டேர் என்று பதிவாகிறது. பயிர் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கு அதில் இடமில்லை. வனிலா, நோனி, மருந்துச் செடிகள் என்று வெவ்வேறு காலங்களில் நட்டுப் பின் பிடுங்கியவர்களின் அனுபவம் அவர்களோடேயே போய்விட்டது. அடுத்த ஊர்க்காரன் அதே செலவை மறுபடி செய்தான். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நோட்டை வைத்து, பரீட்சை நிலத்தின் கணக்கையும், கைவிட்ட பயிரின் காரணத்தையும் நட்டவர் வாயால் கேட்டு எழுதிவைப்பது பெரிய வேலையன்று. மாதம் ஒருமுறை கால்மணி நேரம் போதும்.

நஷ்டம் வந்தால் யார் பொறுப்பது என்று நிலச்சொந்தக்காரர் கேட்பர். நியாயமான கேள்வி. ஐந்து சென்ட்டின் மாசூலை இழப்பது ஒருவருக்கு மட்டும் ஏன் வர வேண்டும்? நடவு மானியமாக ஏக்கர்க் கணக்கில் கொடுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை எடுத்து, பரீட்சை நிலத்தில் பயிர் பொய்த்தால் அக்கம்பக்கத்துச் சராசரி மாசூலுக்கு ஈடாகக் கொடுப்பதென்று வைத்தால் எவரும் தயங்கார். நோட்டில் கணக்கு எழுதியிருந்தாலொழிய ஈடு இல்லை என்பதே நிபந்தனையாக இருக்கட்டும். அவ்வளவுக்கும் மேலாக, பரீட்சையில் மூன்று வருஷம் தேறாத பயிருக்கு ஏக்கர்க் கணக்கில் நடவு மானியம் கொடுப்பதையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. மானியத்திற்காக நட்டு, மானியம் வந்தபின் மறந்த செடிகளை நமது மணலில் வேண்டியமட்டும் பார்த்தாயிற்று. இதை என் மேலதிகாரிகள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்களென நான் கூற முன்வரவில்லை.

சவுக்கு வெட்டிய நிலத்தை மூன்று வருஷம் சும்மா போட முடியுமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். சும்மா போடச் சொல்லவில்லை. மற்ற நிலத்தில் வழக்கம்போல் மணிலாவோ தர்பூசணியோ மறுபடி சவுக்கோ வையுங்கள். ஐந்து சென்ட்டில் மாத்திரம் கள்ளி.

தை மாதத்தில் மழை ஓய்ந்து மணல் ஆறியபின் மேட்டுப்பார் எடுக்கலாம். மாசி பங்குனியில் நடவு முடிந்தால் கோடை முழுதும் செடியின் தாங்கும் சக்தி தெரியும். ஐப்பசியில் அழுகல் தெரியும். முன்வரும் கிராமத்தார் நிலத்தின் சர்வே நம்பரையும், கிணற்று நீரின் உவர்ப்பு அளவையும் குறித்து நேரில் வந்து தெரிவித்தால், நோட்டில் கோடு போட்டுக் கொடுக்கவும், முதல் மடலை நடும் நாளில் உடனிருக்கவும் நான் சித்தமாயிருக்கிறேன். நீரின் உவர்ப்பை அளந்து கொள்ளாதவர்கள் ஒரு சீசாவில் தண்ணீர் கொண்டு வந்தால் போதும்.